சவரிமுத்து பார்த்த சிங்கப்பூர்

— ரயிலும் போயிருச்சு, எறங்கின சனமும் போயிருச்சு. நீங்க இன்னும் எம் மூட்டைய மடியில வெச்சுட்டு எதுக்கு உக்காந்திருக்கறீங்க?

— உங்க அண்ணன் வரட்டும் மேரி. வந்ததும் போறன்.

— அண்ணன் வர்றதுக்கு முன்னாடி போறன்னுதான பேச்சு? ஜோலார்பேட்டையில வண்டி நின்னப்ப என்ன சொன்னீங்க? மொரப்பூர்ல எறங்கினதும் நீ யாரோ நான் யாரோன்னு சொன்னீங்களா இல்லையா?

— சொன்னன். டீ குடிச்ச தெம்புல சொன்னது. அது கெடக்கு வுடு.

— எதச் சொன்னாலும் அது கெடக்கு வுடு. அரூர் பஸ்ஸு வெளிய நிக்குது பாருங்க. அத வுட்டா நாளைக்குத்தான்.

— அது கரி பஸ்ஸு. அடுப்புல கரியப் போட்டு, காத்தாடி சுத்தி, அதுக்கு உசுரு வந்து கெளம்பறதுக்குள்ள நாம இன்னொரு சிங்கப்பூரு பாத்துட்டு வந்துரலாம்.

— மாதாவே! மெதுவாப் பேசுங்க. அந்த டிக்கட்டு வாங்கறவரு இங்கியே பாக்கறாரு.

— பாத்தா என்ன? மெட்ராஸ் வரைக்கும் புருசன் பெஞ்சாதியா வந்தம். ரயில்லயும் அப்படித்தான் வந்தம். இந்த பெஞ்சுல மட்டும் என்ன வந்துருச்சு?

— இது எங்க ஊரு ஸ்டேசனு. அதான் வந்துருச்சு. போங்க கரியன். உங்க மலைய நெனச்சு எத்தன நாளு அழுதீங்க? கப்பலுக்குக் காத்துக் கெடந்த கேம்ப்புல வேற யாரையும் தூங்க வுடாம சாமைச் சோறு, சாமைச் சோறுன்னு பொலம்பினது யாரு?

— நான்தான். அதா பாரு, கெழக்கால நீலமாத் தெரியுது. அதுதான் சித்தேரி மலை. ரயில்ல இருந்தே பாத்துட்டன். பாத்தா அழுகை வரும்னு இருந்தன். வரல. இந்தப் பக்கம் திரும்பி உன்னப் பாத்தாத்தான் வருது.

— இந்தப் பேச்செல்லாம் சிங்கப்பூரோட வுட்டுட்டு வரக்கூடாதா?

— வுடலாம்னுதான் பாத்தன். ரோட்டயே தொடச்சு வெச்சிருந்தாங்க, போட எடமில்ல.

— சிரிக்க வெக்காதீங்க. சிரிச்சா எனுக்கு அழுகை வந்துரும்.

— சரி, ஒண்ணு பண்ணு. அந்த நாள ஒருக்காச் சொல்லு. பஸ்ஸு கெளம்பற வரைக்கும்.

— கப்பல்ல தெனமும் அதத்தான சொன்னேன்.

— அது பெஞ்சாதி புருசனுக்குச் சொன்னது. இது கடைசி. சொல்லு.

— ம்... கப்பலுக்கு என்னமோ ரிப்பேரு, ஒரு நாளு தள்ளிப் போவுதுன்னாங்க. குடும்பமா இருக்கறவங்க வெளிய போயி ஊரு பாத்துட்டு, வெளக்கு வெக்கறதுக்குள்ள கேம்ப்புக்கு வந்துரணும். தனி ஆளுங்களுக்கு உத்தரவு இல்ல.

— நாம குடும்பம்.

— நல்ல குடும்பம்! பேரு பதியறவரு, "ராஜமேரி, புருசன் சவரிமுத்து"ன்னு கூப்புட்டாரு. அவரு செத்துட்டாருங்கன்னு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, பின்னாடி நின்னவரு "நான்தானுங்க சவரிமுத்து"ன்னு கையத் தூக்கறாரு.

— குடும்பமா இருந்தா மொதக் கப்பல்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. தனிப் பொம்பளைங்களக் கடைசியா அனுப்பறம்னாங்க. அந்தக் கும்பல்ல உன்ன வுட்டுட்டு வர எனுக்கு மனசு வரல.

— கொறை சொல்லலீங்க. ஆனா சியாம்ல ஜப்பான்காரனுக்கு ரயில் ரோடு போட்ட எடத்துல அவருக்குக் குழி வெட்டின கையி அது. அதே கையத் தூக்கி அவரு பேரச் சொன்னீங்களா, எனுக்குத் திக்குனு ஆயிருச்சு.

— எனுக்கு மட்டும் ஆவலையா? வாந்திபேதியில கண்ணு உள்ள போயிக் கெடந்தாரு. அப்பவும், "கரியா, எங் கழுத்துல கெடக்கற இந்த மாதா உத்தரியத்த எங்க மேரிகிட்ட சேத்துரு"ன்னாரு. உசுரோட இருந்தாச் சேக்கறன்னு சொன்னன். கழுத்துல இருந்து கழட்டி எடுத்துட்டு அப்பறம்தான் மண்ணு தள்ளினன். நான் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பி வந்தப்ப எம் பெஞ்சாதி கருப்பி காய்ச்சல்ல போயிச் சேந்திருந்தா. அழக்கூட ஆளில்ல. உத்தரியத்த எடுத்துட்டு உன்னத் தேடி வந்தன்.

— வந்தீங்க. குடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா இந்தப் பாடு இல்ல.

— நீதான் கஞ்சி குடிச்சிட்டுப் போங்கன்ன.

— சரி வுடுங்க. என் வாயில கதையத் தொடங்கிட்டு நீங்களே பேசிட்டிருக்கறீங்க. வெளிய வந்தமா, அந்தப் பஸ்ஸுல ஏறினம். மேல ரெண்டு கொம்பு வெச்சுட்டு, ரோட்டு மேல கட்டின கம்பியத் தொட்டுட்டே ஓடுச்சு. பொகை இல்ல, கரி இல்ல. வழுக்கிட்டுப் போச்சு.

— நீ எங் கையப் புடிச்ச.

— கூட்டம் நெருக்குச்சு, புடிச்சேன்.

— எறங்கின பின்னாடியும் வுடல.

— மறந்துட்டேன்.

— மறந்துட்டியா?

— மறக்கல. போதுமா? அப்பறம் அந்தப் பெரிய கடை. இரும்புக் கதவ இழுத்துச் சாத்தினான், பொட்டி மேல போச்சு. நீங்க கண்ண மூடிட்டு, "மலையேறாமயே மேல வந்துட்டமே"ன்னீங்க. கூட நின்ன சீனத்தி சிரிச்சுப்புட்டா.

— மேல நின்னு பாத்தா ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் வூடுங்க. இத்தன வூட்டுலயும் ஒவ்வொரு குடும்பம் உள்ள இருக்குது, சோறு ஆக்குது, சண்டை போடுதுன்னு நெனச்சன். நமக்கு ஒண்ணு இல்லையேன்னு இருந்துச்சு.

— அத அன்னைக்குச் சொல்லல நீங்க.

— சொன்னா நீ கீழ எறங்கலாம்பன்னு சொல்லல.

— அந்த ஐஸ் உருண்டைய வுட்டுட்டேன் பாருங்க. பனிக்கட்டியச் சீவி உருண்டை புடிச்சு, செவப்புப் பாகு ஊத்தி, வெறுங்கையில குடுத்தான். ஒண்ணே ஒண்ணு வாங்கி, நீ ஒரு வாயி நான் ஒரு வாயின்னு உறிஞ்சினம். கையி மரத்துப்போயி நீங்க குதிச்ச குதி இருக்குதே!

— பாகு உன் மோவாயில வழிஞ்சுது. தொடைச்சு வுடலாம்னு கை வந்துச்சு. வேண்டாம்னு வெச்சுட்டன்.

— தெரியும். நான் நின்னுட்டுத்தான் இருந்தேன்.

— அட, நின்னியா?

— நின்னேன். அப்பறம் நானே தொடச்சுட்டேன். அதுக்கப்பறம்தான் அந்த ரோட்டுக்கு வந்தம். ஜப்பான்காரனுங்க கைதியா வரிசையில நின்னு ரோடு கூட்டிட்டு இருந்தானுங்க.

— அத வுட்டுரு.

— இல்ல, சொல்றேன். அதுல ஒருத்தன் பையன் மாதிரி. மீசைகூட வரல. நம்மளப் பாத்ததும் வெளக்குமாத்தப் புடிச்சிட்டே குனிஞ்சான். உங்க கையி என் கையில இரும்பாட்டம் ஆயிருச்சு. மாதாவே, இவரு போயி அடிச்சிருவாரேன்னு நடுங்கிட்டேன். நீங்க என்னைய இழுத்துட்டு மண்ணுல எறங்கி, ரோட்டச் சுத்திட்டு நடந்தீங்க. ஏன்னு கேட்டேன்.

— என்ன சொன்னன், ஞாபகமில்ல.

— எனுக்கு இருக்குது. "அவன் கூட்டி வெச்சிருக்கான், அழுக்குக் காலோட மிதிக்க வேண்டாம். சியாம்ல நாங்க கூட்டின எடத்துலதான் அவனுங்க காறித் துப்புவானுங்க, கூட்டினவனுக்குத்தான் அது தெரியும்"னீங்க. அந்த எடத்துலதான் கரியன். அதுவரைக்கும் வழித்துணைக்கு ஒரு ஆளுன்னு இருந்தேன். அந்த எடத்துல என் மனசு போயிருச்சு. சொல்லக்கூடாதுன்னு இருந்தேன், சொல்லிட்டேன். இப்பப் போங்க.

— இதச் சொல்லிட்டுப் போங்கன்னா எப்படிப் போறது? காலு வருமா?

— ஆரன் அடிக்கறான் பாருங்க. பஸ்ஸு கெளம்பப் போவுது.

— அடிக்கட்டும். கோயிலுக்குப் போனதச் சொல்லல நீ.

— அதச் சொல்ல மாட்டேன்.

— கப்பல்லயும் அதச் சொல்லல. ஏன் மேரி? தமிழ்ல பிரசங்கம் பண்ற கோயிலுன்னு நீதான ஓடின? நான் செருப்பக் கழட்டிட்டு ஒரு ஓரமா நின்னன். என்னையும் கூப்புட்டு மண்டி போடச் சொன்னாங்க, போட்டன். தப்பா?

— நீங்க பண்ணதுல தப்பில்ல. நான் எதுக்கு ஓடினேன் தெரியுமா? எங்க வூட்டுக்காரருக்கு ஒரு செத்தவங்க பூசை வெக்கச் சொல்லணும்னு ஓடினேன். பாவசங்கீர்த்தனமும் இல்லாம, சாவு நேரத்து அவஸ்தை பூசுதலும் இல்லாம செத்த மனுசன். பேரச் சொல்லி ஒரு பூசை ஒப்புக்குடுக்கணும். அப்பத்தான் அந்த ஆத்துமா உத்தரிக்கற எடத்துல இருந்து கரையேறும். எங்க வேதத்துல அதுதான் மொறை. ஆனா நாம போன நேரத்துக்கு கேம்ப்புக்காரங்க நாலு குடும்பம் உள்ள இருந்துச்சு. "சவரிமுத்து வந்துட்டாரு, வாங்க சவரிமுத்து"ன்னாங்க. சாமியாரு வந்து, "புருசன் பெஞ்சாதி ரெண்டு பேரும் குனியுங்க"ன்னு உங்க தலையிலயும் என் தலையிலயும் கைய வெச்சுட்டாரு. உசுரோட பக்கத்துல மண்டி போட்டிருக்கறவருக்கு எப்படிங்க செத்தவங்க பூசை கேக்கறது?

— அதுக்குத்தான் வெளிய வந்து அப்படி அழுதியா? நான் பக்கத்துல மண்டி போட்டது புடிக்கலன்னு நெனச்சுட்டன்.

— தலையில கைய வெச்சாரே, அது எனுக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? அந்தச் சந்தோசத்துக்கும் சேத்துத்தான் அழுதேன்.

— மேரி, ஒண்ணு கேக்கறன், கோவிச்சுக்காத. உங்கப்பன் ஆத்தாகூட நீ சின்னப் புள்ளையாக் கப்பலேறினவ. உங்க அண்ணன் இங்கியே நின்னுட்டாரு. உனுக்குக் கல்யாணம் ஆனது தோட்டத்துல. உங்க அண்ணன் சவரிமுத்தப் பாத்ததே இல்ல.

— இல்ல. அப்பன் காயிதம் போட்டாரு, பேரு மட்டும் தெரியும். ஜப்பான் சண்டை வந்த பின்னாடி காயிதமும் இல்ல. அவரு செத்தது அண்ணனுக்குத் தெரியாது.

— அப்ப நானே சவரிமுத்தா இருந்துட்டாப் போவுது.

— கரியன்!

— இரு, கேளு. பேரு பழகிப்போச்சு. சவரிமுத்துன்னு கூப்புட்டா இப்பவும் திரும்பறன். உங்க செபமும் பாதி வருது, கப்பல்ல நீ சொல்லச் சொல்லக் கேட்டதுதான். மலையில எனுக்கு யாரு இருக்கறா? அண்ணன் மல்லையன் என் காட்டையும் சேத்து உழுதுட்டு இருப்பாரு. நான் போனா அவருக்குத் தொந்தரவு. உங்க அண்ணன் காட்டுல ஏரு ஓட்டறன். உம் பக்கத்துல இருந்தாப் போதும்.

— எனுக்கு மட்டும் ஆசை இல்லையா? ரயில்ல தூங்கற மாதிரி கண்ண மூடிட்டு வந்தேனே, எல்லாம் இதத்தான் நெனச்சிட்டு வந்தேன். மாப்ளன்னு அண்ணன் கூப்புடும், நான் சும்மா இருந்தாப் போதும்னு நெனச்சேன். ஆனா நீங்க சவரிமுத்துன்னு வூட்டுக்குள்ள வந்துட்டா, அந்த மனுசன் ஒரு நாளும் செத்தவரு ஆவ மாட்டாரு. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க ஆளுக்கு மெழுகுவத்தி ஏத்துவாங்க. அவருக்கு யாரு ஏத்தறது? நான் ஏத்தினா, யாருக்கு ஏத்தறன்னு கேப்பாங்களே? அவரு பேர நீங்க எடுத்துக்கிட்டா அவருக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல.

— அது... அது எனுக்குத் தெரியாது மேரி. எங்க மலையில செத்தவங்களுக்குச் செய்யற நாளுல யாரு வேணா செய்யலாம். பேரு ஒரு பெரிய விசயமில்ல.

— எங்களுக்குப் பேருதாங்க பெருசு.

— சரி. அப்ப என்கூட மலைக்கு வந்துரு. இப்பவே. பஸ்ஸு இன்னும் நிக்குது.

— அப்பனையும் ஆத்தாளையும் அந்த மண்ணுல போட்டுட்டு வந்திருக்கேன். அண்ணன் மொகத்தப் பாக்காம எப்படிங்க மலையேறுவேன்? புருசன் இருக்கையில எவனோடயோ ஓடிட்டான்னுதான அது நெனைக்கும்?

— அப்ப நெசத்தச் சொல்லிரலாம்.

— எந்த நெசத்த? வேத்து வேதத்துக்காரன் ஒருத்தன், செத்த புருசன் பேரச் சொல்லி, கப்பல்லயும் ரயில்லயும் என்கூட ஒண்ணா வந்தான்னா? கையப் புடிச்சதுக்கு மேல ஒண்ணுமில்லன்னு நான் சொன்னா யாரு நம்புவா? அண்ணனுக்குக் கோவம் வந்துச்சுன்னா உங்கள இங்கியே வெட்டிப் போட்டுரும். என்னைய வூட்டுல சேக்காது. நான் யார்கிட்டங்க போறது?

— என்கிட்ட.

— உங்கள உசுரோட வுட்டாத்தான? பஸ்ஸு கெளம்பிருச்சு. போயி நிறுத்துங்க. கையக் காட்டினா நிறுத்துவான். ஓடுங்க, எழுந்திரிங்க. மூட்டையக் குடுங்க எங்கிட்ட.

— இந்தா மூட்டை.

— போவலையா?

— போயிருச்சு பாரு. மண்ணுதான் தெரியுது.

— மாதாவே, என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? அதா ஒரு கூண்டு வண்டி வருது. எறங்கி ஓடி வர்றாங்களே... அது அண்ணன்தான். எங்கப்பன் நடை அப்படியே. கரியன், தள்ளி நில்லுங்க. யாரோ மாதிரி அந்தப் பக்கம் போயிருங்க.

— ராஜமேரி! ஏ புள்ள, ராஜமேரி! நான்தான் புள்ள, கஸ்பாரு, உங்க அண்ணன்!

— அண்ணா!

— அடி எஞ் சாமி! பல்லு வுழுந்த புள்ளையாக் கப்பலேறினவ, எங்க ஆத்தா மாதிரியே வந்து நிக்கறாளே! அழுவாத, அழுவாத. நான் அழுவறன்னு நீ அழுவாத. வண்டிச் சக்கரம் கம்பைநல்லூருகிட்ட வாய்க்கால்ல எறங்கிருச்சு புள்ள, அதான் நேரமாயிருச்சு. இவரு... அட ஆண்டவனே, மாப்ள! மாப்ளதான? என்ன அந்தப் பக்கம் போயி நிக்கறீங்க? கூச்சமா? கையக் குடுங்க மாப்ள.

— அண்ணா, இவரு வந்து...

— நீ இரு புள்ள. சவரிமுத்துன்னு அப்பன் காயிதத்துல எழுதினாரு. தங்கமான பையன்னு எழுதினாரு. சியாமுக்குப் புடிச்சுட்டுப் போன ஆளுங்க ஒருத்தரும் திரும்பலன்னு இங்க சொல்லிட்டாங்க. தெனமும் செபமாலை சொல்லி உங்களத்தான் கேட்டம் மாப்ள. கேட்டதக் குடுத்துட்டாரு! ராஜமேரி, புருசன் சவரிமுத்து வர்றாங்கன்னு மெட்ராஸ்ல இருந்து தந்தி வந்துருச்சு! ஊரே உக்காந்திருக்குது. ஆடு அடிச்சாச்சு. சாமியாரு ஞாயித்துக்கெழமை உங்க பேருக்கு நன்றிப் பூசை வெக்கறன்னு சொல்லியிருக்காரு. செத்தவன் பொழச்சு வந்த மாதிரி, சவரிமுத்துன்னு பேரச் சொல்லி வெக்கறன்னாரு! என்ன புள்ள ரெண்டு பேரும் முழிக்கறீங்க? இவருதான நம்ம மாப்ள?

— ஆமாண்ணா.

— என்ன, காதுல வுழுவலையே?

— ஆமாண்ணா. இவருதான். சவரிமுத்துதான். வூட்டுக்குப் போலாம் வாண்ணா. வாங்க... வாங்க, போலாம்.

— அதான பாத்தன்! ஏறுங்க மாப்ள. மூட்டைய இப்படிக் குடு புள்ள.

— இல்லீங்க.

— என்ன மாப்ள இல்லீங்க?

— என்னையக் கட்டிப் புடிக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க. நான் சவரிமுத்து இல்லீங்க. அவரு சியாம்ல வாந்திபேதியில தவறிட்டாருங்க. நான்தான் மண்ணு தள்ளினன். ஞாயித்துக்கெழமை அவரு பேருக்கு வெக்க வேண்டியது செத்தவங்க பூசைங்க. சாமியார்கிட்ட மாத்தச் சொல்லிருங்க.

— கரியன், வேண்டாம், நான்தான் ஆமான்னு சொல்லிட்டேன்ல...

— நீ சொன்னது எனுக்காவ மேரி. சொல்லிட்டு நீ தெனமும் அழுவ. அன்னைக்குக் கோயில் வாசல்ல அழுத மாதிரி. எனுக்கு அதப் பாத்துட்டு ஏரு ஓட்ட முடியாது.

— என்ன புள்ள நடக்குது இங்க? யாருய்யா நீ? மாப்ள இல்லன்னா, எந் தங்கச்சிகூட மொரப்பூரு வரைக்கும் எதுக்கு வந்த?

— எம் பேரு கரியனுங்க, சித்தேரி மலை. பொண்ணு கேட்டு வந்திருக்கறனுங்க.